மாணவர் மேசைக்கு வந்த லினக்ஸ்: திருவனந்தபுரம் சொல்லும் பாடம்

கேரளத்தில் எஸ்எஸ்எல்சி எழுதும் மாணவர் ஒவ்வொருவரும் ஐடி பாடத்துக்குக் கணினியின் முன் உட்கார்ந்துதான் தேர்வு எழுத வேண்டும். மொத்தம் 50 மதிப்பெண். அதில் 40 தேர்வுக்கு, 10 ஆண்டு முழுக்க நடக்கும் மதிப்பீட்டுக்கு. கேள்வி திரையிலேயே வரும். இங்க்ஸ்கேப்பில் ஒரு சுவரொட்டி வரையச் சொல்லும். கியூஜிஐஎஸ் வரைபடத்தில் சாலையை அகலப்படுத்தினால் எந்தெந்தக் கட்டடங்கள் அடிபடும் என்று கண்டுபிடிக்கச் சொல்லும். முடித்ததை ஹோம் ஃபோல்டருக்குள் இருக்கும் தேர்வு ஃபோல்டரில் பதிவெண்ணைப் பெயராக இட்டுச் சேமிக்க வேண்டும். இவ்வளவும் நடப்பது லினக்ஸில். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருப் பக்கத்து அரசுத் தமிழ்ப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கும் இதே தேர்வுதான். பாடநூல் மலையாளம், ஆங்கிலம், தமிழ், கன்னடம் என நான்கு மொழிகளில் வருகிறது.

மாணவர்களுக்கு லினக்ஸ் டெஸ்க்டாப் ஒத்துவருமா என்ற கேள்வி இந்தியாவில் கால் நூற்றாண்டாகப் பேசப்படுகிறது. 'கஷ்டம்', 'பழக்கமில்லை', 'வேலைக்கு உதவாது' என்று ஒரு பக்கம். 'இலவசம்', 'சுதந்திரம்', 'வைரஸ் தொல்லை குறைவு' என்று இன்னொரு பக்கம். இந்த வாதங்களை நிறுத்துப் பார்க்க கேரளத்தைவிடப் பெரிய உரைகல் நம் பக்கத்தில் இல்லை. அந்த அனுபவத்தைக் கூர்ந்து பார்த்தால், இரு தரப்பும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தது தெரியும். மாணவர் லினக்ஸில் நிலைப்பாரா, ஒதுங்கிவிடுவாரா என்பதைத் தீர்மானித்தவை திரைக்கு வெளியே இருந்தன.

தொடக்கம்

2001ஆம் ஆண்டு இந்தக் கதைக்கு முக்கியமானது. இஸ்ரோவின் முன்னாள் தலைவர் யு.ஆர். ராவ் தலைமையிலான குழுவின் பரிந்துரையை ஒட்டி 'ஐ.டி. அட் ஸ்கூல்' என்ற திட்டத்தைக் கேரள அரசு தொடங்கியது. அதன் தலைமையகம் திருவனந்தபுரம் பூஜப்புரையில் அமைந்தது. அதே ஆண்டு ஜூலையில் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் நிறுவனர் ரிச்சர்ட் ஸ்டால்மன் திருவனந்தபுரம் வந்து, கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் இந்தியக் கிளையைத் தொடங்கிவைத்தார். இரண்டும் ஒரே ஊரில் ஒரே ஆண்டில் நடந்தாலும், உடனே ஒன்றோடொன்று சேர்ந்துவிடவில்லை. பள்ளிகளில் முதலில் வந்தது விண்டோஸ்தான். பாடமும் அதை ஒட்டியே எழுதப்பட்டது.

அரசுப் பாடத்திட்டம் ஒரு தனியார் நிறுவனத்தின் பொருளை மாணவருக்குப் பழக்கிக்கொடுக்கலாமா என்று ஆசிரியர் சங்கமும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களும் கேள்வி எழுப்பினார்கள். சில ஆண்டுகள் இரண்டு இயங்குதளங்களும் அருகருகே நடந்தன. 2006இல் வி.எஸ். அச்சுதானந்தன் முதல்வராகவும் எம்.ஏ. பேபி கல்வி அமைச்சராகவும் வந்த பிறகு திசை தெளிவானது. அந்த ஆகஸ்டில் ஸ்டால்மன் மறுபடியும் வந்தார். உயர்நிலைப் பள்ளிகளை லினக்ஸுக்கு மாற்றுவதென்ற முடிவும் அந்த நாட்களில்தான் செய்தியானது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் பாடமும் தேர்வும் முழுக்க லினக்ஸுக்கு நகர்ந்தன.

இதில் கவனிக்க வேண்டியது, யாரை வைத்து மாற்றினார்கள் என்பது. கம்பெனி ஆட்களை அழைத்துவந்து ஒரு வாரப் பயிற்சி கொடுத்துவிட்டுப் போகவில்லை. பள்ளி ஆசிரியர்களிலிருந்தே ஆள் தேர்ந்தெடுத்து மாஸ்டர் டிரெய்னர் ஆக்கினார்கள். கணக்கு வாத்தியார், இயற்பியல் டீச்சர், மொழியாசிரியர் எனப் பல பாடத்தவரும் அதில் இருந்தார்கள். ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியிலும் ஓர் ஆசிரியர் ஐடி ஒருங்கிணைப்பாளர் ஆனார். கணினி திறக்கவில்லை என்றால் பிள்ளைகள் முதலில் ஓடுவது அவரிடம். அவருக்கும் புரியாவிட்டால் மாவட்டத்து மாஸ்டர் டிரெய்னருக்கு ஒரு போன். இந்தச் சங்கிலிதான் முதல் சில ஆண்டுகளின் தள்ளாட்டத்தைத் தாங்கியது.

2017இல் இந்தத் திட்டம் 'கைட்' என்ற அரசு நிறுவனமாக மாறியது. 2018 ஜனவரியில் தொடங்கிய ஹைடெக் பள்ளித் திட்டத்தில் 45,000 வகுப்பறைகளை எடுத்துக்கொண்டார்கள். அதே ஆண்டு 'லிட்டில் கைட்ஸ்' என்ற மாணவர் கிளப்புகள் தொடங்கின. உறுப்பினர் எண்ணிக்கை லட்சத்தைத் தாண்டியது. இன்று அனிமேஷன், நிரல் எழுதுதல், ரோபோட்டிக்ஸ் எல்லாம் அந்தக் கிளப்புகளில் நடக்கின்றன. அடியில் இருப்பது லினக்ஸ்.

முகப்பு கஷ்டமா?

லினக்ஸ் என்றால் கறுப்புத் திரையில் கட்டளை அடிப்பது என்ற எண்ணம் இன்னும் பலருக்கு இருக்கிறது. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் அறிவித்தபோது அது உண்மைதான். ஆனால் எம்ஐடியில் 1984இல் பிறந்த எக்ஸ் விண்டோ ஏற்கெனவே யூனிக்ஸ் கணினிகளுக்குச் சாளரங்கள் கொடுத்திருந்தது. 1996இல் மத்தியாஸ் எட்ரிச் கேடிஇ என்ற டெஸ்க்டாப் முகப்பைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு மிகேல் தெ இகாசாவும் ஃபெடரிகோ மேனாவும் க்னோமைத் தொடங்கினார்கள். 2004இல் உபுண்டு என்ற லினக்ஸ் பதிப்பு வந்த பிறகு சாதாரண ஆள் கட்டளை எதுவும் அடிக்காமலே லினக்ஸை நிறுவி, பாட்டுக் கேட்டு, கடிதம் எழுத முடிந்தது. கேரளப் பள்ளிகள் பெருமளவில் மாறிய காலமும் இதை ஒட்டியதே. ஐந்தாறு ஆண்டு முன்பே முயன்றிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

படங்களைச் சொடுக்கி வேலை செய்வதைப் பிள்ளைகளுக்கு யாரும் பெரிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1999இல் புது டெல்லி கல்காஜியில் சுகதா மித்ரா ஒரு சுவரில் கணினியைப் பதித்து வைத்தார். குடிசைப் பகுதிப் பிள்ளைகள் ஆசிரியர் இல்லாமலே அதை இயக்கப் பழகிக்கொண்டார்கள். ஆனால் தானாகப் பழகுவது ஓர் எல்லையோடு நின்றுவிடும் என்பதும் அந்தச் சோதனையை ஒட்டி எழுந்த விமர்சனம். கணினியைத் திறக்கப் பழகுவது வேறு, அதில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கக் கற்பது வேறு.

விண்டோஸ் பழகியவர் லினக்ஸில் தடுக்கி விழும் இடங்கள் உண்மையில் சிலதான். சி டிரைவ், டி டிரைவ் என்று தேடுவார். இங்கே எல்லாம் ஹோம் என்ற ஒரே வீட்டுக்குள் இருக்கும். ஃபைல் பெயரில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. ஆங்கிலத்தில் 'நோட்ஸ்' என்று முதல் எழுத்தைப் பெரிதாக்கி ஒன்றும் சிறிதாக்கி ஒன்றும் வைத்தால் இரண்டு ஃபைல் ஆகிவிடும். பென் டிரைவை 'எஜெக்ட்' கொடுக்காமல் பிடுங்கினால், நகல் ஆகிவிட்டதுபோலத் தெரிந்த ஃபைல் உள்ளே போயிருக்காது. எழுத வேண்டியதைக் கணினி நினைவகத்தில் வைத்துக்கொண்டு மெதுவாக எழுதும் வழக்கம்தான் காரணம். மென்பொருளை எங்கிருந்தோ பதிவிறக்கி நிறுவுவதற்குப் பதில் களஞ்சியத்திலிருந்து எடுக்க வேண்டும். சில நிமிடங்களில் சொல்லிக்கொடுத்துவிடலாம். ஆனால் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். ஆள் இல்லாத இடத்தில் இந்தச் சின்ன விஷயங்களே 'லினக்ஸ் சரிவராது' என்ற தீர்ப்பாகிவிடுகின்றன.

எந்த டெஸ்க்டாப்?

லினக்ஸில் சேரும் மாணவர் முதலில் மலைப்பது இதில்தான். க்னோம், கேடிஇ பிளாஸ்மா, சின்னமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்கியூடி என்று நீளும் பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றும். எதை எடுத்தாலும் அடியில் உள்ள அமைப்பு ஒன்றே. கணினியின் வயதை வைத்து முடிவெடுத்தால் போதும். உபுண்டு 22.04க்கு 4 ஜிபி ரேமும் 25 ஜிபி வட்டிடமும் வேண்டும் என்பது அதைத் தருபவர்களின் பரிந்துரை. அந்த அளவுள்ள இயந்திரத்தில் க்னோம் ஓடும். அதற்கும் கீழே என்றால் எக்ஸ்எஃப்சிஇ அல்லது எல்எக்ஸ்கியூடி. விண்டோஸ் பழக்கம் விடாதவருக்கு லினக்ஸ் மின்ட்டின் சின்னமன் வீட்டுச் சாப்பாடு மாதிரி இருக்கும்.

பள்ளிக்கு இதில் வேறொரு தலைவலி உண்டு. 2011 ஏப்ரலில் வந்த க்னோம் 3 பழைய மெனுவையும் அடிப்பட்டையையும் தூக்கிவிட்டது. உபுண்டு அதே ஆண்டு யூனிட்டி என்ற தன் சொந்த முகப்புக்குப் போய், 2017இல் க்னோமுக்கே திரும்பியது. பாடநூலில் அச்சிட்ட திரைக்காட்சி ஒன்று, லேபில் தெரிவது வேறொன்று என்றால் பத்தாம் வகுப்புப் பிள்ளை என்ன செய்யும்? அதனால்தான் கேரளம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை வரும் பதிப்புகளின் பின்னால் ஓடவில்லை. நீண்ட கால ஆதரவுள்ள பதிப்பு ஒன்றை எடுத்து, பாடத்துக்குத் தேவையான எல்லா மென்பொருளையும் அதிலேயே சேர்த்துத் தன் பதிப்பாகத் தருகிறது. முதலில் டெபியனை அடிப்படையாக வைத்திருந்தார்கள், பிறகு உபுண்டுவுக்கு வந்தார்கள். உபுண்டு 18.04, 22.04 பதிப்புகளிலிருந்து வந்த பள்ளி லினக்ஸ்கள் அண்மைக் காலத்தவை.

ஜியோஜீப்ரா, ஜிகாம்ப்ரிஸ், டக்ஸ் பெயின்ட், கிம்ப், இங்க்ஸ்கேப், லிப்ரே ஆஃபீஸ், ஸ்டெல்லேரியம், ஆடாசிட்டி, பைத்தான், ஸ்க்ராட்ச் எல்லாம் நிறுவும்போதே உள்ளே வந்துவிடும். இணைய வேகம் இல்லாத மலைப்பள்ளியிலும் ஒரு பென் டிரைவ் போதும். அந்த நகலை மாணவர் வீட்டுக்கு எடுத்துப்போகலாம், பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம். உரிமம் அதைத் தடுக்காது. பள்ளியில் பார்த்த திரையே வீட்டிலும் இருந்தால் பாதிப் பழக்கம் தானாக வந்துவிடும்.

கணக்கு வகுப்பில் இதன் பயனைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு வட்டம் வரைந்து, விட்டத்தின் இரு முனைகளையும் பரிதியில் ஒரு புள்ளியோடு இணைத்து, ஜியோஜீப்ராவில் அந்தப் புள்ளியை மவுஸால் பிடித்து இழுத்தால் முக்கோணம் நெளிந்துகொண்டே போகும். கோணம் மட்டும் 90 பாகையிலேயே நிற்கும். கரும்பலகையில் ஒரே ஒரு படமாக நின்ற தேற்றம் திரையில் அசைகிறது. அந்தப் பிள்ளை அப்போது லினக்ஸ் படிக்கவில்லை, கணக்குப் படிக்கிறது. கேரளத்தில் லினக்ஸ் ஊன்றியதற்கு இது பெரிய காரணம். இயங்குதளத்தைத் தனிப் பாடமாக மட்டும் வைக்காமல் மற்ற பாடங்களுக்கான கருவியாக்கினார்கள்.

எழுத்து வந்தால்தான் எல்லாம்

திரையில் தாய்மொழி ஒழுங்காகத் தெரியாவிட்டால் பள்ளியில் எந்த இயங்குதளமும் நிற்காது. தொடக்கத்தில் லினக்ஸில் மலையாளக் கூட்டெழுத்துகள் சிதைந்தே தெரிந்தன. 2002இல் தொடங்கிய சுவதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் என்ற தன்னார்வக் குழு எழுத்துருக்களையும் எழுத்துகளைக் கோத்துக்காட்டும் மென்பொருள்களையும் திருத்துவதில் ஆண்டுக்கணக்கில் உழைத்தது. ரச்சனா, மீரா போன்ற எழுத்துருக்கள் பள்ளிக் கணினிகளுக்கு வந்தன. அரசு ஒரு பக்கம் பயன்படுத்த, தன்னார்வலர்கள் இன்னொரு பக்கம் பிழை திருத்த, இரண்டும் ஒன்றையொன்று வளர்த்தன. பின்னாளில் திருவனந்தபுரத்திலேயே கட்டற்ற மென்பொருளுக்கான பன்னாட்டு மையமும் அரசு ஆதரவில் அமைந்தது.

தமிழுக்கு இந்தச் சிக்கல் சற்று எளிது, கூட்டெழுத்து குறைவு. இரண்டாயிரத்தின் தொடக்கத்திலேயே தன்னார்வலர்கள் கேடிஇ முகப்பைத் தமிழாக்கத் தொடங்கிவிட்டார்கள். தட்டச்சுக்கு 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை லினக்ஸில் கிடைக்கிறது. ஆனால் ஒரு நுணுக்கம் உண்டு. ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் வழியாக வரும் எம்17என் தமிழ்99ஐச் சேர்த்தால், 'அக்கா' என்று எழுத அ, க, க, ஆ என்ற நான்கு தட்டு போதும். முதல் ககரத்துக்குப் புள்ளி தானாக விழும். அமைப்புகளில் வெறும் விசைப்பலகையாக இருக்கும் தமிழ்நெட் 99ஐச் சேர்த்தால் புள்ளியை நாமே அடிக்க வேண்டும். இரண்டுக்கும் பெயர் ஏறக்குறைய ஒன்று. தவறானதைச் சேர்த்துவிட்டு, 'லினக்ஸில் தமிழ் சரியில்லை' என்று விட்டுப் போனவர்கள் பலர்.

பணக் கணக்கு

200,000க்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளில் லினக்ஸ் ஓடுவதால் சுமார் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று 2019இல் கைட் தரப்பு சொன்னது. ஒரு கணினிக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் மென்பொருள் உரிமம் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. கல்வி நிலையங்களுக்கு நிறுவனங்கள் பெரும் தள்ளுபடி கொடுப்பது வழக்கம் என்பதால், அரசு உண்மையில் அவ்வளவு செலவழித்திருக்குமா என்று கேட்கலாம். எண்ணைக் குறைத்துக்கொண்டாலும் வாதம் விழாது. பள்ளிக்கென்று பேசி வாங்கும் தள்ளுபடி பள்ளிக்கு மட்டும்தான். மாணவர் வீட்டுக் கணினிக்குக் கிடையாது. கட்டற்ற மென்பொருளின் லாபம் வீட்டிலும் தொடரும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் நின்றுவிட்ட நிலையில், விண்டோஸ் 11ஐ ஏற்காத பழைய மடிக்கணினி வைத்திருக்கும் குடும்பத்துக்கு இது இன்றைய கணக்கு.

தமிழ்நாட்டில் என்ன ஆயிற்று?

நம் மாநிலம் இதில் பின்னால் நின்றது என்று சொல்ல முடியாது. 2007 வாக்கில் சி. உமாசங்கர் தமிழக அரசின் மின்னணு நிறுவனமான எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்தபோது அந்நிறுவனம் சூசே லினக்ஸுக்கு மாறியது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் அதே ஆண்டு வெளிவந்தது. மேல்நிலைக் கணினி அறிவியல் பாடநூலில் ஸ்டார் ஆஃபீஸ் இருந்தது. 2018இல் வந்த பதினோராம் வகுப்பு நூலில் விண்டோஸோடு உபுண்டுவும் இடம்பெற்றது. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்த்தே கொடுத்தார்கள்.

அப்படியிருந்தும் கணினியைத் திறந்ததும் வரும் தேர்வுப் பட்டியலில் பாஸைத் தேர்ந்தெடுக்க மாணவருக்குக் காரணம் எதுவும் இருக்கவில்லை. அதில் செய்தாக வேண்டிய பாடம் இல்லை, தேர்வு இல்லை, கேட்டால் சொல்ல வகுப்பில் ஆள் இல்லை. கேரளத்தில் பாடம், ஆசிரியர், தேர்வு, பள்ளிக் கணினி எல்லாம் ஒரே திரையைக் காட்டின. இங்கே இயந்திரம் மட்டும் போய்ச் சேர்ந்தது. மென்பொருள் தரத்தில் பெரிய வித்தியாசம் இல்லாதபோதும் விளைவு இவ்வளவு விலகியதற்கு இதுதான் காரணம் என்பது என் கணிப்பு. இடைவெளியை ஓரளவு நிரப்பியவர்கள் தன்னார்வலர்கள். சென்னை லினக்ஸ் பயனர் குழு, காஞ்சி லினக்ஸ் பயனர் குழு, விழுப்புரம் குழு, தமிழில் கட்டற்ற மென்பொருள் எழுத்துகளைக் குவித்த கணியம் எனப் பலர் உழைக்கிறார்கள். ஆர்வமுள்ள மாணவரை அவர்கள் தேடிப்பிடித்துவிடுவார்கள். ஆர்வம் பிறக்காத மாணவரிடம் போய்ச் சேர ஒரு பள்ளி அமைப்பால்தான் முடியும்.

கேரளத்திலும் குறை உண்டு

தேர்வு லினக்ஸைக் காப்பாற்றியது. அதே தேர்வு அதைச் சடங்காக்கவும் செய்யும். எந்த மெனு, எந்தப் பொத்தான், எந்த ஃபோல்டர் என்ற வரிசையை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிவிட முடியும். பள்ளி முடிந்து வெளியே வந்தால் டிடிபி கடையில் ஃபோட்டோஷாப், கணக்கு அலுவலகத்தில் டேலி, பொறியியல் வகுப்பில் ஆட்டோகேட். கையில் இருப்பது ஆண்ட்ராய்டு போன். அதன் அடியில் லினக்ஸ் கருநிரல்தான் இருக்கிறது என்றாலும் பழக்கம் வேறு. பெரிய அமைப்புகளே பின்வாங்கியதும் உண்டு. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003இல் முடிவெடுத்துச் சுமார் 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது. 2017இல் விண்டோஸுக்குத் திரும்ப முடிவு செய்தது. அரசியல் ஆதரவு தளர்ந்தால் ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பும் கைவிடப்படும் என்பதற்கு அது சாட்சி.

ஆனால் வேலைக்கு உதவாது என்ற வாதம் அரைகுறை. பத்து வயதில் பழகிய மெனு இருபத்திரண்டு வயதில் எந்த மென்பொருளிலும் அப்படியே இருக்காது. விண்டோஸ் 98 படித்தவர்களும் எல்லாவற்றையும் மறுபடி பழகியவர்கள்தான். அடுக்கு என்றால் என்ன, வெக்டர் என்றால் என்ன, சூத்திரம் எப்படிக் கலத்திலிருந்து கலத்துக்கு நகரும் என்பது தெரிந்த பிள்ளை, கிம்பிலிருந்து ஃபோட்டோஷாப்புக்கும் லிப்ரே கால்க்கிலிருந்து எக்செலுக்கும் சில நாளில் மாறிக்கொள்ளும். மென்பொருள் துறைக்குப் போகிறவருக்கோ சர்வரில் காத்திருப்பது பெரும்பாலும் லினக்ஸ்தான்.

புதிதாகத் தொடங்குபவருக்கு

இதையெல்லாம் படித்துவிட்டு வீட்டில் ஒரு பழைய கணினியோடு உட்காரும் மாணவருக்குச் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். முதலில் எதையும் நிறுவ வேண்டாம். பென் டிரைவிலிருந்தே ஓடும் 'லைவ்' முறையில் திறந்து, வைஃபை, ஒலி, பிரின்டர் மூன்றும் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். சிக்கல் வந்தால் பெரும்பாலும் இவற்றில்தான். நிறுவுவதானால் முக்கியமான ஃபைல்களையெல்லாம் வேறொரு வட்டில் நகலெடுத்துவிட்டுத்தான் கைவைக்க வேண்டும். விண்டோஸ் இருக்கும் வட்டுப் பிரிவைச் சுருக்கும்போது ஒரு தவறு நடந்தால் அப்பாவின் நிலப் பத்திர நகலும் போய்விடும்.

முதல் வாரத்தில் தோற்றத்தை மாற்றிக்கொண்டிருக்காமல், உண்மையான ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளி ஆண்டு விழா அழைப்பிதழை இங்க்ஸ்கேப்பில் செய்யலாம், தேர்வு அட்டவணையைக் கால்க்கில் போடலாம், ஒரு கட்டுரையைத் தமிழ்99இல் அடித்துப் பார்க்கலாம். டெர்மினலைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், முதல் நாளே அதில் குதிக்கவும் வேண்டாம். மென்பொருளைப் புதுப்பிக்கும் இரண்டு கட்டளைகளை அடித்துப் பார்த்தால் போதும். மற்றவை தேவை வரும்போது வரும். இவை எல்லாவற்றுக்கும் முன்னால், தடுக்கினால் கேட்பதற்கு ஓர் ஆளைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள்: ஊர்ப் பயனர் குழுவோ, மேல் வகுப்பு அண்ணனோ, பள்ளி ஐடி டீச்சரோ.

மாநில அளவில் யோசிப்பவர்களுக்கும் இதே வரிசைதான். கேரளம் மடிக்கணினி வாங்குவதில் தொடங்கி ஆசிரியரில் முடிக்கவில்லை. ஆசிரியர், பாடநூல், தேர்வு என்று அடித்தளம் போட்டுவிட்டு இயந்திரங்களைப் பெருக்கியது. தமிழில் பாடநூல் எழுத ஆள் உண்டு, பயிற்சி தரத் தயாராக ஊருக்கு ஊர் குழு உண்டு, மென்பொருளுக்கு விலையும் கிடையாது. அடுத்த முறை பள்ளிக்குக் கணினி கொடுக்கும் டெண்டர் போடும் முன், அதை வைத்து எந்த வகுப்பில் எந்தப் பாடத்தை யார் நடத்தப்போகிறார் என்று எழுதிவைத்தால் போதும்; எந்த லினக்ஸ், எந்த டெஸ்க்டாப் என்பதை அந்த ஆசிரியரே தேர்ந்துகொள்வார்.